மேகமலைக் களஆய்வு ஒளிப்படங்களில் திருத்தப் பதிவுகளைச் சேமித்தலும் காத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டு, நடுகல், பாறை ஓவியம், காட்டுயிர், மலைவாழ் மக்களின் வாழ்வியல் ஆகியவற்றை ஆராய்வோர் இன்று எண்மிய ஒளிப்படங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். படம் எடுத்த பின்னர்க் கணினியில் அதன் ஒளி, நிறம், தெளிவு ஆகியவை திருத்தப்படுகின்றன. மூலப்படத்தைப் படியெடுத்துக் காப்பதில் காட்டப்படும் கவனம் இத்திருத்தங்களின் பதிவைக் காப்பதில் காட்டப்படுவதில்லை. திருத்தம் எங்கே, எவ்வடிவில் சேமிக்கப்படுகிறது, எவ்வழிகளில் அழிகிறது, அதனை எவ்வாறு காக்கலாம் என்பவற்றைத் தேனி மாவட்டத்தின் மேகமலை, வைகைப் படுகை ஆகிய களங்களை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது. திருத்தப் பதிவு ஆய்வுச் சான்றின் ஒரு பகுதி என்பதும், அதனை மூலத்திலிருந்து பிரித்தும் மூலத்தோடு இணைத்தும் காக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மேகமலை, புலிமான்கோம்பை, எண்மிய ஒளிப்படம், மூலக்கோப்பு, திருத்தப் பதிவு, துணைக்கோப்பு, ஹாஷ் மதிப்பு

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே உயர்ந்து நிற்கும் மேகமலை, ஆங்கிலேயர் காலத்தில் ‘ஹை வேவி’ மலை என வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு, இங்குத் தோட்டத் தொழிலில் இருந்த இயற்கையியலாளர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வவ்வாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். அது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், பரவலாகக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வவ்வால் என்ற அடையாளத்தோடு இருந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, அது அறிவியல் அதுவரை அறியாத ஒரு பேரினம் என 1972ஆம் ஆண்டு வெளியிட்டார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரால் ‘லேட்டிடென்ஸ் சலிமாலி’ என அது பெயர் பெற்றது.

தவறான அடையாளம் 24 ஆண்டுகளுக்குப் பின் திருத்தப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உயிரியின் உடல் மாறாமல் காக்கப்பட்டது. இரண்டாவது, யார், எங்கே, எப்போது சேகரித்தார் என்ற குறிப்பு உடலோடு சேர்ந்தே இருந்தது. அடையாளம் குறித்த கருத்து உடலின்மேல் செதுக்கப்படவில்லை; சீட்டில் எழுதப்பட்டது. எனவே பின்வந்தவர் கருத்தை மாற்ற முடிந்தது.

களஆய்வு ஒளிப்படத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கேமரா பதிந்த தரவு உடல். ஆய்வாளர் அதில் செய்யும் திருத்தம் சீட்டு. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பின்வரும் ஆய்வாளர் எது கல்லில் இருந்தது, எது கணினியில் வந்தது எனப் பிரித்தறிய இயலாது. சீட்டு தொலைந்துவிட்டால், நூலில் அச்சான படம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அதை உருவாக்கியவரே சில ஆண்டுகளில் விளக்க இயலாதவராகிறார்.

மூலமும் திருத்தமும்

பாடபேத ஆய்வில் பழகிய தமிழாய்வாளர்க்கு இக்கருத்து புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தெளிந்து, வேறுபட்ட பாடங்களைத் தனியே குறித்தார். பதிப்பாசிரியரின் முடிவு ஒன்று. அம்முடிவை மறுஆய்வு செய்வதற்கான சான்று மற்றொன்று. இரண்டும் வாசகர்க்குக் கிடைத்தமையால் அப்பதிப்புகளின் மீது விவாதம் நிகழ முடிந்தது.

ஒளிப்படத் துறையில் இதற்கு இணையான முறை ‘மூலத்தை அழிக்காத திருத்தம்’ எனப்படும். கேமராவின் ஒளியுணரி பதியும் தரவு, பண்படுத்தப்படாத நிலையில் ‘ரா’ கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. இக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் பெரும்பாலும் 14 பிட் அளவில், அதாவது 16,384 படிநிலைகளில் பதிவாகிறது. கேமராவே உருவாக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. மேலும், கோப்பின் அளவைக் குறைப்பதற்காக நுண்விவரங்கள் ஓரளவு நீக்கப்படுகின்றன. நிழல் படிந்த கல்வெட்டில் மங்கிய கோடுகளை வெளிக்கொணர வேண்டிய ஆய்வாளர்க்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் ரா கோப்பின் படத்தரவில் ஒரு பிட்டைக்கூட மாற்றுவதில்லை. ‘ஒளியை இவ்வளவு கூட்டு, இப்பகுதியின் மாறுபாட்டை இவ்வளவு உயர்த்து, இந்த எல்லையில் வெட்டு’ என்னும் கட்டளைகளை மட்டுமே பதிகின்றன. திரையில் தெரிவது அக்கட்டளைகளை மூலத்தின்மேல் அந்நேரத்தில் இயக்கிக் காட்டும் விளைவாகும். இக்கட்டளைத் தொகுதியே ‘திருத்தப் பதிவு’ என இக்கட்டுரையில் குறிக்கப்படுகிறது.

இதற்கு மாறாக, ஜேபெக் படத்தைத் திறந்து மாற்றி அதே பெயரில் சேமித்தால் மூலம் மறைகிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரவு மீண்டும் சுருக்கப்பட்டு, எழுத்தின் விளிம்புகளில் மூலத்தில் இல்லாத கட்டச்சிதைவுகள் தோன்றுகின்றன.

திருத்தம் தங்கும் இடங்கள்

திருத்தப் பதிவு எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் அதனைக் காக்க இயலாது. அது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் தங்குகிறது.

முதலாவது, மென்பொருளின் தரவுத்தளம். 2007இல் வெளியான லைட்ரூம், தன் திருத்தங்களை ஒரு பட்டியல் கோப்பில் சேமிக்கிறது. அது எஸ்க்யூலைட் வகைத் தரவுத்தளம். பல்லாயிரம் படங்களின் திருத்தங்கள் ஒரே கோப்பில் அடங்குவதால் தேடுவது எளிது. அக்கோப்பு சிதைந்தால் அத்தனையும் ஒருங்கே போகும். அப்பட்டியல் கோப்பில் படங்கள் இல்லை என்பதும் கவனத்துக்குரியது. மென்பொருள் எடுக்கும் ‘பட்டியல் காப்புப்படி’ படங்களின் காப்புப்படி ஆகாது. படங்களை மட்டும் படியெடுத்தால் அது திருத்தங்களின் காப்புப்படியும் ஆகாது.

இரண்டாவது, துணைக்கோப்பு. படத்தின் அருகிலேயே, அதே பெயரில், எக்ஸ்எம்பி என்னும் வடிவில் அமையும் சிறிய உரைக்கோப்பு இது. அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய இவ்வடிவம் 2012இல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. டார்க்டேபிள் இயல்பாகவே தரவுத்தளம், துணைக்கோப்பு ஆகிய இரண்டிலும் எழுதுகிறது. லைட்ரூமின் மேசைக்கணினிப் பதிப்பில் துணைக்கோப்பில் தானாக எழுதும் வசதியைப் பயனர் அமைப்புகளில் சென்று இயக்க வேண்டும். இயக்கிய பின்னரும், ஒரே படத்துக்கு உருவாக்கும் மெய்நிகர்ப் படிகளும் திருத்த வரலாற்றின் படிநிலைகளும் தரவுத்தளத்திலேயே நிற்கின்றன. ஒரே நடுகல் படத்துக்கு மூன்று வகைத் திருத்தங்களை மெய்நிகர்ப் படிகளாக வைத்திருப்பவர் துணைக்கோப்பை மட்டும் நம்பினால் இரண்டை இழப்பார்.

மூன்றாவது, படக்கோப்பின் உட்பகுதி. அடோபி 2004இல் வெளியிட்ட டிஎன்ஜி வடிவில், படத்தரவும் திருத்தக் கட்டளையும் ஒரே கோப்பில் அமைகின்றன. இரண்டும் பிரியா என்பது இதன் நன்மை. ஆயினும் திருத்தம் மாறும்போதெல்லாம் கோப்பு மாறுகிறது. அதனால் மூலம் சிதையவில்லை என ஹாஷ் மதிப்பைக் கொண்டு உறுதிசெய்வது கடினமாகிறது. சான்றாக நிலைபெற வேண்டிய படங்களுக்கு, மாறாத ரா கோப்பும் மாறக்கூடிய துணைக்கோப்பும் தனித்தனியே இருக்கும் ஏற்பாடே ஏற்றது.

எக்ஸ்எம்பி பொதுத்தரம் என்பதால் எல்லா மென்பொருளும் அதிலுள்ள திருத்தங்களைப் படிக்கும் எனக் கொள்ளலாகாது. உறைதான் பொது, உள்ளிருக்கும் கடிதம் அந்தந்த மென்பொருளின் மொழியில் உள்ளது. தலைப்பு, குறிச்சொல், எடுத்தவர் பெயர் முதலிய விவரங்கள் பல மென்பொருள்களில் படிக்கப்படும். ஒளி, நிறத் திருத்தங்கள் அவ்வாறு இடம்பெயர்வதில்லை. ஒரே மென்பொருளிலும் செயலாக்கப் பதிப்பு மாறினால் அதே கட்டளை சற்றே வேறான படத்தைத் தரக்கூடும். எனவே கட்டளையை மட்டும் காப்பது போதாது. அது தந்த விளைவையும் ஒரு நிலையான வடிவில் காக்க வேண்டும்.

கல்வெட்டுப் படத்தில் திருத்தத்தின் எடை

2006ஆம் ஆண்டு, தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியில் வைத்து உரைக்கும் ஆகோள் என்னும் சொல் வைகைக் கரைக் கல்லில் கிடைத்தமை, இலக்கியத்தையும் தொல்லியலையும் இணைக்கும் சான்றாக மதிக்கப்படுகிறது.

இத்தகைய கல்லின் படத்தில் திருத்தம் எவ்வளவு எடையுடையது என்பதைத் தமிழியின் எழுத்தமைப்பே காட்டும். உயிர்மெய்யின் நெடிலைக் காட்டுவது பெரும்பாலும் ஒரு சிறு கிடைக்கோடு. மெய்யைக் காட்டும் புள்ளி ஒரு சிறு குழி. புள்ளி உண்டா இல்லையா என்பது வாசிப்பை மட்டுமன்று, எழுத்து முறையின் வளர்ச்சிநிலையையும் அதன்வழிக் காலக்கணிப்பையும் தொடுகிறது. கல்லிலோ இயற்கையான குழிகளும் கீறல்களும் நிறைந்துள்ளன.

மென்பொருளின் தூசு நீக்கும் கருவி, சிறிய வட்டக் கரும்புள்ளியைத் தூசு எனக் கொண்டு அருகிலுள்ள பரப்பால் மூடிவிட வல்லது. இரைச்சல் குறைக்கும் கருவி ஆழமற்ற கோட்டை வழித்துவிடும். தெளிவு கூட்டும் கருவி, வெறும் கீறலின் விளிம்புக்கு உளியால் வெட்டிய தோற்றத்தைத் தரும். செயற்கை நுண்ணறிவு வழியே நுண்விவரம் மீட்கும் கருவிகள் ஒரு படி மேலே சென்று, தாம் பயின்ற பிற படங்களின் அடிப்படையில் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. இவை எவையும் தீய நோக்கில் செய்யப்படுவன அல்ல. அச்சில் படம் தெளிவாக வர வேண்டும் என்னும் விருப்பமே காரணம். ஆனால் திருத்தப் பதிவு இல்லாதபோது, ‘இப்புள்ளி கல்லில் உள்ளதா?’ என்னும் வினாவுக்கு அச்சான படத்தைக் கொண்டு விடை கூற இயலாது.

பாறை ஓவியங்களிலும் இந்நிலை உண்டு. மங்கிய செங்காவி வண்ணத்தை வெளிக்கொணர ஜான் ஹார்மன் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்னும் கருவி உலகெங்கும் பயன்படுகிறது. அது நிறங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கியல் முறையில் விரித்து, பொய்நிறத்தில் காட்டுகிறது. எந்த நிறவெளி, எவ்வளவு விரிவு என்ற குறிப்பு இல்லாமல் வெளியிடப்படும் படத்தை வேறொருவர் மீண்டும் உருவாக்கிச் சரிபார்க்க முடியாது.

களம் மீண்டும் கிட்டாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வழிபாட்டிலுள்ள நடுகற்களில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவை பூசப்படுகின்றன. மேகமலைக் காடுகள் 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்குவதால் ஆய்வாளர் நினைத்தபோது சென்று மறுபடம் எடுக்க இயலாது. வனத்துறையின் ஒப்புதல் வேண்டும்.

திருத்தங்கள் அழியும் வழிகள்

திருத்தப் பதிவுகள் பெரும்பாலும் வன்தட்டுப் பழுதைவிட அன்றாடப் பழக்கங்களால் அழிகின்றன. கோப்புகளின் பெயரை மென்பொருளுக்கு வெளியே மாற்றுவது முதற்காரணம். பெயர் மாறியதும் தரவுத்தளம் படத்தைக் காணாது தவிக்கிறது. பழைய பெயரில் நிற்கும் துணைக்கோப்பு அனாதையாகிறது. பல கேமராக்கள் 9,999 படங்களுக்குப் பின் எண்ணை மீண்டும் தொடக்கத்திலிருந்து வழங்குவதால் இரு வேறு களங்களின் படங்கள் ஒரே பெயரைப் பெறுகின்றன. அவற்றை ஒரே அடைவில் சேர்க்கும்போது ஒன்றின் துணைக்கோப்பு மற்றொன்றின்மேல் எழுதப்படலாம்.

படங்களை மட்டும் தெரிந்து படியெடுப்பது இரண்டாவது காரணம். ‘இந்தச் சிறு கோப்பு எதற்கு?’ எனத் துணைக்கோப்புகளை நீக்கிவிடுவோரும் உளர். மூன்றாவது, ஒத்திசைவைக் காப்புப்படி எனக் கருதுவது. மேகச் சேமிப்புச் சேவைகள் கணினியில் நிகழ்வதை அப்படியே எதிரொலிப்பவை. இங்கு அழித்தால் அங்கும் அழியும்; இங்குச் சிதைந்த தரவுத்தளம் அங்குள்ள நல்ல படியை மேலெழுதும். மேலும், தரவுத்தளம் திறந்திருக்கும்போது ஒத்திசைவு நடந்தால் முழுமையற்ற நிலை பதிவாகலாம். நான்காவது, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நிற்பதும் வெளித்தட்டைப் பிடுங்குவதும். கேமரா அட்டைகளிலும் வெளித்தட்டுகளிலும் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட் கோப்பமைப்பு, இடையில் நின்ற எழுத்துப்பணியை மீட்கும் நடப்புப் பதிவேடு அற்றது.

பாதுகாப்பு நடைமுறை

களத்தில் தொடங்கும் ஒழுங்கே இறுதிவரை நிற்கும். ஒவ்வொரு நாள் மாலையும் கேமரா அட்டையிலிருந்து கணினிக்கும் ஒரு வெளித்தட்டுக்கும் படங்களைப் படியெடுத்த பின்னரே அட்டையை அழிக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களைக் கடந்த காட்டுப்பகுதிகளில் இணையத்தை நம்பிப் பணியைத் திட்டமிட இயலாது. மேகமலையில் மேகச் சேமிப்பு மலையிறங்கிய பின்னரே கைகொடுக்கும். படியெடுத்தவுடன், திருத்தம் தொடங்கும் முன்னரே, நாள், இடக்குறி, வரிசை எண் ஆகியவை கொண்ட தனித்த பெயரை ஒவ்வொரு படத்துக்கும் இட வேண்டும். பின்னர் அப்பெயரை மாற்றலாகாது.

அடுத்து, ஒவ்வொரு ரா கோப்புக்கும் ஹாஷ் மதிப்பு கணிக்கப்பட வேண்டும். எஸ்எச்ஏ-256 என்னும் முறை, எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைத் தருகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறும். இதற்கான கட்டளைகள் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் உள்ளன. கணித்த மதிப்புகளை ஓர் உரைக்கோப்பில் சேமித்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒப்பிட்டால் சேமிப்பகத்தில் நேரும் ஓசையற்ற சிதைவு வெளிப்படும்.

திருத்தத்தின்போது துணைக்கோப்பில் எழுதும் வசதியை இயக்கியிருத்தல் வேண்டும். ஒரு படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் தேவைப்பட்டால், முடிந்த ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வெளியேற்ற வேண்டும். சான்றாக வெளியிடவுள்ள படங்களைச் சுருக்கமற்ற டிஃப் வடிவில் 16 பிட் அளவில் சேமிப்பது நன்று. பல பத்தாண்டுகளாக வழக்கிலுள்ள அவ்வடிவத்தைத் திறக்கக் குறிப்பிட்ட மென்பொருள் தேவையில்லை.

இடம் குறித்த கணக்கு இங்கு உதவும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட் வரை இருக்கும். அதன் 16 பிட் டிஃப் கோப்பு ஏறத்தாழ 144 மெகாபைட். எனவே எல்லாப் படங்களையும் டிஃப் ஆக்குதல் வீண்; சான்றுப் படங்களுக்கு மட்டும் போதும். துணைக்கோப்போ பொதுவாகச் சில கிலோபைட் முதல் சில பத்துக் கிலோபைட் அளவினது. ஒன்றுக்கு 10 கிலோபைட் எனக் கொண்டால், 1,000 படங்களின் திருத்தப் பதிவு முழுவதும் 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு முனைவர் பட்ட ஆய்வின் திருத்தப் பதிவுகள் அனைத்தையும் மின்னஞ்சலில் நெறியாளர்க்கு அனுப்பிவிடலாம். ஆய்வின் மிகச் சிறிய பகுதியே மிக எளிதாகத் தொலைகிறது என்பதுதான் முரண்.

காப்புப்படிகளின் எண்ணிக்கைக்கு ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி பயன்படும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது அதன் பொருள். தேனியில் பணிபுரியும் ஆய்வாளர் கணினியில் ஒன்றும், வெளித்தட்டில் ஒன்றும், மதுரையிலோ சென்னையிலோ உள்ள நிறுவனச் சேமிப்பகத்தில் ஒன்றும் வைக்கலாம். ஒவ்வொரு படியிலும் ரா கோப்பு, துணைக்கோப்பு, தரவுத்தளம், ஹாஷ் பட்டியல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்ப இயலாது. பருவத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் சில படங்களை மீட்டு, திருத்தத்தோடு திறக்கின்றனவா எனச் சோதித்தல் வேண்டும்.

சான்றாக முன்வைத்தல்

ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ படத்தை இணைக்கும்போது, அதன் கீழ் நாள், இடம், ஒளியின் திசை, மென்பொருளும் பதிப்பும், செய்த திருத்தங்கள் ஆகியவற்றை இரண்டு வரிகளில் குறிக்கலாம். ‘இடப்பக்கச் சாய்வொளியில் எடுக்கப்பட்டது, மாறுபாடு உயர்த்தப்பட்டது, தூசு நீக்கம் செய்யப்படவில்லை’ என்னும் குறிப்பு, பாடபேதக் குறிப்புக்கு இணையான பணியைச் செய்கிறது. மென்பொருள் வழக்கொழிந்த காலத்தும் மனிதர் படிக்கக்கூடிய பதிவு இதுவே. திருத்தப்படாத படத்தையும் அருகில் தருதல் இன்னும் நன்று.

காட்டுயிர் ஆய்வில் இத்தேவை சட்டத்தோடும் தொடர்புடையது. தானியங்கிக் கேமராப் படங்களில் புலிகளை அவற்றின் வரியமைப்பைக் கொண்டு தனித்தனியே அடையாளம் காண்கின்றனர். படம் வேட்டை வழக்கொன்றில் சான்றாக வேண்டப்பட்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு பொருந்தும். அப்பிரிவின்படி அளிக்கும் சான்றிதழ்ப் படிவத்தில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பையும் அதனைக் கணித்த முறையையும் குறிக்க வேண்டும். களத்திலேயே ஹாஷ் மதிப்பைக் கணித்து வைத்திருப்பவர்க்கு, படம் அன்றுமுதல் மாறவில்லை எனக் காட்டுவது எளிது.

முடிவுரை

எண்மிய ஒளிப்படத்தில் மூலமும் திருத்தமும் வேறு வேறு ஆவணங்கள். திருத்தப் பதிவு தரவுத்தளத்திலோ துணைக்கோப்பிலோ படக்கோப்பின் உள்ளேயோ தங்குகிறது. எங்கே தங்குகிறது என்பதை ஆய்வாளர் தம் மென்பொருளில் சோதித்து அறிய வேண்டும். சான்றுப் படங்களுக்கு மாறாத ரா கோப்பு, தனித் துணைக்கோப்பு, நிலையான டிஃப் விளைவு, எளிய உரைக்குறிப்பு ஆகிய நான்கும் தேவை. ஹாஷ் மதிப்பு மூலத்தின் மாறாமையை உறுதிசெய்யும். 3-2-1 விதி இழப்பைத் தடுக்கும். மீட்புச் சோதனை அவ்விரண்டையும் மெய்ப்பிக்கும்.

தமிழியற் புலங்களில் ஆய்வேட்டை ஏற்கும்போது திருத்தப் பதிவுகளையும் ஹாஷ் பட்டியலையும் குறுவட்டிலோ நிறுவனச் சேமிப்பகத்திலோ ஒப்படைக்கக் கோரும் வழக்கம் உருவாகுமானால், அதற்காகும் செலவு மிகச் சிறிது. புலிமான்கோம்பைக் கல்லின் ஒரு புள்ளியைப் பற்றி நாளை ஐயம் எழும்போது, ஆய்வாளர் தம் கண்ணால் மூலத்துக்கே திரும்பிச் சென்று பார்க்க அதுவே வழிவகுக்கும்.